முப்பத்தேழாம் பக்கம்

அத்தியாயம் ஐந்து

"அறுபது. அப்புறம் அறுபத்தேழு. அப்புறம் மறுபடியும் அறுபது. மேடம், இது பாட்டா, லாட்டரி முடிவா?"

கேட்டுவிட்டு, உதவியாளன் டிரான்சிஸ்டர் தன் கையிலிருந்த காகிதத்தை நழுவவிட்டான். ஓரத்தில் துளை போட்டு, மடிப்பு மடிப்பாக வரும் கம்ப்யூட்டர் காகிதம். சரசரவென்று இறங்கி மேசைக்கடியில் போய்க் குவிந்தது.

வக்கீலம்மா அதைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். காலையில் பஸ்ஸில் அறுந்த வாரை ஊக்கு குத்திச் சமாளித்திருந்தார். மூன்று நாளாக இந்த வழக்கும் அப்படித்தான் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது.

வக்கீலம்மா என்று பெயரே தவிர, அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிப் பன்னிரண்டு வருடமாகிறது. பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதில் இருந்த ருசி அவர்களுக்காக வாதாடுவதில் இல்லை என்று தெரிந்ததும் துப்பறிய வந்துவிட்டார். டிரான்சிஸ்டர் அவருடைய உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன்; முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் ஆரம்பித்தால் பேட்டரி தீரும்வரை ஓயமாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

அவர்கள் இருந்தது ஒரு வீட்டின் மாடி. கீழே குடித்தனம், மேலே ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்க முட்டை அடுக்கும் அட்டைகள் ஒட்டியிருந்தன. முன்பு முப்பது வாத்தியக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாசித்த இடத்தில், இப்போது ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதோடு வயரால் இணைத்த ஒரு வெளிநாட்டு மின் கீபோர்டு. அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் இசை என்றால் ஊரே வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது.

வழக்கு இதுதான். அந்த அறைக்குச் சொந்தக்காரரான இசையமைப்பாளர் ஒரு படத்தின் டைட்டிலுக்குக் கம்ப்யூட்டரிலேயே இசை அமைத்திருந்தார். தயாரிப்பாளர் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை. போன வாரம் அதே மெட்டு, அச்சு அசலாக, ரேடியோவில் ஒரு சோப்பு விளம்பரத்தில் வந்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குத் தயாரிப்பாளர் வருகிறார். அதற்குள் திருடன் யாரென்று எழுத்தில் கொடுக்காவிட்டால், காப்பியடித்தவர் என்ற பெயர் இசையமைப்பாளர் தலையில் விழும்.

"திருடன் யாருன்னு நான்தான் முதல் நாளே சொல்லிட்டேனே!" இசையமைப்பாளர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பாட்டைப் பதிஞ்சு வச்ச ஃப்ளாப்பி இருந்த அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இவகிட்ட."

'இவள்' என்பது அவருடைய மனைவியின் தங்கை. டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சை தேறியவள். விரல் வேகமாக ஓடும் என்பதற்காகவே அக்கா புருஷன் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அந்த வீட்டிலேயே அதைப் பற்றி முழுதாகத் தெரிந்தவள் அவள்தான். மூன்று நாளாக மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அத்தான், நான் எடுக்கல."

"எடுக்காம மெட்டு காலு முளைச்சா போச்சு?"

"சார், கொஞ்சம் உட்காருங்க. நீங்க நடக்கறதுல எனக்குத் தலை சுத்துது" என்றார் வக்கீலம்மா. பிறகு அந்தப் பெண்ணிடம், "இந்த நம்பரெல்லாம் என்னன்னு இன்னொரு தடவை சொல்லும்மா. நேத்து சொன்னது மண்டையில ஏறல" என்றார்.

"கம்ப்யூட்டர் சத்தத்தைப் பிடிச்சு வைக்காது மேடம். கீபோர்டுல எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்ப அழுத்தினோம், எவ்வளவு வேகமா அழுத்தினோம்னு நம்பரா எழுதி வச்சுக்கும். ஒரு வரிக்கு ஒரு கட்டை. திரும்ப ஓட்டினா அதே கட்டைகளை அதே மாதிரி கீபோர்டு தானா வாசிக்கும்."

"அப்போ இது பாட்டு இல்ல, கையோட ஜாதகம்" என்றான் டிரான்சிஸ்டர்.

"அதுவும் என் கை" என்றார் இசையமைப்பாளர். "ஒரே மூச்சுல வாசிச்சேன். ஒரே ஒரு தடவை. ஒரு திருத்தம் கிடையாது. அனுபவம்னா அதுதான்."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். வக்கீலம்மா அதைக் கவனித்தார். ஆனால் இசையமைப்பாளர் பக்கத்திலேயே நிற்கும்போது கேட்டுப் பயனில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு கீபோர்டோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினார். முப்பத்தாறுக்கு அடுத்து முப்பத்தொன்பது.

"நடுவுல ஒரு தாளைக் காணோமே?"

"வாங்கும்போதே இல்லையாம் மேடம். அத்தான் சொன்னார்."

"அச்சடிச்சவன் பிழை" என்றார் இசையமைப்பாளர். "நீங்க புத்தகத்தைப் படிக்க வந்தீங்களா, திருடனைப் பிடிக்க வந்தீங்களா?"

வக்கீலம்மா புத்தகத்தை மூடி வைத்தார். ஃப்ளாப்பியையும் காகிதக் குவியலையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது ஊக்கு காலில் குத்தியது.

மூன்று நாள் அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்த ஒரே தடயம், சோப்பு விளம்பரத்துக்கு இசை போட்டவரின் முகவரி. ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "நான் கீழேயே நின்னு யோசிக்கட்டுமா?" என்று கேட்ட டிரான்சிஸ்டருக்கு ஒரு பார்வைதான் பதிலாகக் கிடைத்தது.

விளம்பர இசைக்காரர் முப்பது வயதுக்காரர். காதில் ஹெட்போனை மாலை போலத் தொங்கவிட்டிருந்தார். டிரான்சிஸ்டர் கூசாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சோப்பு விஷயமா வந்திருக்கோம் சார். மெட்டை ரிஜிஸ்டர் பண்ணணும்னு பேச்சு. நாளைக்கு எவனாவது என்னுதுன்னு வந்து நின்னா? நம்பர் லிஸ்ட் ஒரு பிரதி வேணும்."

"யாரு வருவான்? நானே உட்கார்ந்து போட்டது" என்றார் அவர். "ஒரே மூச்சுல வாசிச்சேன். ஒரு திருத்தம் கிடையாது."

வக்கீலம்மாவுக்கு எங்கோ கேட்ட வசனமாக இருந்தது.

பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று வரி வரியாக அச்சடித்தது. முதல் தடவை காகிதம் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை ரிப்பன் மங்கி எழுத்தே தெரியவில்லை. மூன்றாவது தடவை மின்சாரம் போய், அரை மணி நேரம் கழித்து வந்தது. கடிகாரம் இரண்டரையைக் காட்டியபோது வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பட்டியல் கைக்கு வந்தது.

அதை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விரலால் ஓட்டிக்கொண்டே போனார். முதல் வரி இரண்டிலும் ஒன்று. இரண்டாவது வரி ஒன்று. நூறாவது வரி ஒன்று. எந்தக் கட்டை, எந்த நேரம், எவ்வளவு வேகம் என்று கடைசி எண் வரைக்கும் இம்மி பிசகவில்லை.

"முடிஞ்சது கதை" என்றான் டிரான்சிஸ்டர். "காதால கேட்டுப் போட்டிருந்தா எங்கேயாவது ஒரு நம்பர் மாறும். இது ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குப் போனது. பாவம் அந்தப் பொண்ணு. மாட்டிக்கிச்சு."

வக்கீலம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த முகம் திருடிய முகம் இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. முகத்தை எழுதி அறிக்கையில் ஒட்ட முடியாதே!

எழுந்து மறுபடி உள்ளே போனார். பையிலிருந்த ஃப்ளாப்பியை எடுத்தார். மடித்த கைக்குட்டை அகலத்துக்கு, மெல்லிசாக, வளைகிற தகடு. "சார், இதை உங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா?"

விளம்பரக்காரர் சிரித்துவிட்டார். "இதையா? நம்ம மெஷின் வேற ஜாதி மேடம்." தன் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சட்டைப் பையில் அடங்குகிற, கெட்டியான சின்னச் சதுரம். "என்னுது இந்தச் சைஸ். உங்களுது என் வாசல்லயே நுழையாது. நுழைஞ்சாலும் இதுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஒண்ணுல இருக்கறதை இன்னொண்ணுக்கு மாத்துற மெஷின் இந்த ஊர்லயே கிடையாது. நானே தேடி அலுத்துட்டேன்."

வக்கீலம்மா அப்படியே நின்றார். அங்கிருந்து இங்கே ஃப்ளாப்பி வந்திருக்க முடியாது. இங்கிருந்து அங்கேயும் போயிருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒன்று.

அப்போதுதான் அவர் அறையை ஒழுங்காகப் பார்த்தார். கம்ப்யூட்டர் வேறு. பிரிண்டர் வேறு. மேசை, நாற்காலி எல்லாம் வேறு. கீபோர்டு மட்டும் அதே கறுப்பு, அதே வெள்ளிக் கோடு, அதே மாடல் எண்.

"இது எப்ப வாங்கினது?"

"நாலு மாசம் ஆச்சு. ஊர்ல இது ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லிக் குடுத்தான் கடைக்காரன்."

"விளக்கப் புத்தகம் இருக்கா?"

விளம்பரக்காரர் ஒரு கணம் தயங்கினார். அதற்குள் டிரான்சிஸ்டர் அலமாரியிலிருந்து அதை உருவிவிட்டான். வக்கீலம்மா புரட்டினார். முப்பத்தாறு. முப்பத்தொன்பது.

"வாங்கும்போதே இல்ல மேடம்" என்றார் விளம்பரக்காரர் அவசரமாக. "அச்சுப் பிழை."

தாள் கிழிந்த இடத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சடித்தவர்கள் தாளைக் கையால் கிழிப்பதில்லை. வக்கீலம்மா பின் அட்டையிலிருந்த கடையின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு நான்கு மாடியும் இறங்கினார்.

கீழே ஒரு மருந்துக் கடையின் வாசலில் காசு போடும் தொலைபேசி இருந்தது. முதல் காசைப் போட்டார், எங்கேஜ்டு. இரண்டாவது காசை விழுங்கிவிட்டு ஊமையாகிவிட்டது. மூன்றாவதில் கடைக்காரர் கிடைத்தார்.

"சார், அந்தக் கீபோர்டு புத்தகத்துல முப்பத்தேழாம் பக்கம் என்ன இருக்கு?"

"இருங்க, எடுத்துப் பார்க்கறேன்..."

எடுத்துப் பார்ப்பதற்குள் இணைப்பு அறுந்தது. வக்கீலம்மா ரிசீவரைத் தலைக்கு மேலே ஓங்கினார்.

"மேடம், அது மருந்துக்கடைக்காரர் சொத்து" என்று டிரான்சிஸ்டர் கையைப் பிடித்தான். "கட்டுப் போடுற துணியும் அவர்கிட்டயே வாங்க வேண்டிவரும்." தன் சட்டைப் பையைத் துழாவிக் கடைசிக் காசை எடுத்துக் கொடுத்தான்.

இந்தத் தடவை பதில் வந்தது. வக்கீலம்மா கேட்டார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பேருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு வார்த்தை எழுதிக்கொண்டு ரிசீவரை வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் காகிதத்தை மடியில் வைத்து அவர் இன்னொன்றும் பார்த்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரே நேரம் குறித்த வரிகள் அடுத்தடுத்து இருந்தன. எண்ணினார். பதினொன்று.

"ஒரே சமயத்துல பதினோரு கட்டை. மனுஷனுக்கு எத்தனை விரல்?"

"பத்து மேடம். பதினொண்ணாவதுக்கு மூக்கைக் குனிஞ்சு வச்சிருப்பார். அனுபவம்னா அதுதானே?"

மூன்று நாளில் முதல்முறையாக வக்கீலம்மா சிரித்தார்.

மாடிக்கு வந்தபோது நாலரை. அந்தப் பெண் கீழே போயிருந்தாள். இசையமைப்பாளர் மட்டும் இருந்தார்.

"இதே கீபோர்டு இன்னொண்ணு இந்த ஊர்ல இருக்கு சார்" என்றார் வக்கீலம்மா. "சோப்புக்காரர்கிட்ட."

இசையமைப்பாளரின் நடை நின்றது. "ஒண்ணுதான் இருக்குன்னு கடையில சொன்னானே!" என்று வாய் தவறி வந்துவிட்டது. பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவரும் முப்பத்தேழாம் பக்கத்தைக் கிழிச்சிருக்கார். அதுல என்ன இருந்ததுன்னு கடைக்காரர் சொல்லிட்டார்."

அவர் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் வேறாக இருந்தது.

"தயாரிப்பாளர் கம்ப்யூட்டர் இசைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார்மா. நானும் ஒரு மாசம் உட்கார்ந்தேன். ஒரு கட்டையை நான் ஒரு இமை நேரம் தாமதமா தொட்டாலும் அந்தத் திரை கோடு போட்டுக் காட்டுது. இருபத்தஞ்சு வருஷம் வாசிச்சவன் கையை, ஒரு பெட்டி தப்புத் தப்புன்னு சொல்லுது. என் மச்சினி வேற பக்கத்துல நின்னு பார்க்கறா. என்னால முடியல."

"அதுக்கு அந்தப் பொண்ணு திருடியா?"

"நான் நிஜமாவே அவதான்னு நினைச்சேன். இன்னொரு கீபோர்டு இருக்கறது எனக்குத் தெரியாது." எழுந்து வக்கீலம்மாவின் முன்னால் வந்து நின்றார். "இப்ப ஒரே ஒரு உதவி. அறிக்கையில அவ பேரையே எழுதிடுங்க. அவ வீட்டுப் பொண்ணு. போலீசுக்கெல்லாம் நான் போகமாட்டேன். ரெண்டு நாள் அழுவா. அப்புறம் புரிஞ்சுக்குவா. என் பேரு போச்சுன்னா இந்தக் குடும்பமே போச்சு."

வக்கீலம்மா பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தயாரிப்பாளர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் டீ கிளாஸ்களோடு அந்தப் பெண்.

"என்னய்யா இது?" தயாரிப்பாளர் உட்காரக்கூட இல்லை. "கார்ல வரும்போது ரேடியோவுல சோப்பு விக்கிறான். போன்ல நீங்க முணுமுணுத்துக் காட்டின அதே மெட்டு. யாரு யார்கிட்ட எடுத்தது?"

இசையமைப்பாளர் மைத்துனியின் பக்கம் கையை நீட்டினார். "வீட்டுக்குள்ளேயே நடந்துபோச்சு சார். எப்படிச் சொல்றதுன்னே தெரியல..."

அந்தப் பெண் வெடுக்கென்று திரும்பினாள். டீ சிந்தியது.

"தட்டை வச்சுட்டு இங்க வாம்மா" என்றார் வக்கீலம்மா. "முதல்ல கம்ப்யூட்டரை அணை."

அவள் அணைத்தாள்.

"வயரையும் பிடுங்கு."

பிடுங்கினாள். வக்கீலம்மா பேருந்துச் சீட்டை அவள் கையில் கொடுத்தார். "இதுல எழுதியிருக்கற ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்து."

"வேண்டாம்" என்றார் இசையமைப்பாளர்.

அவள் அத்தானைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். இரண்டு விரலை நீட்டி அழுத்தினாள்.

யாரும் தொடாத கீபோர்டிலிருந்து டைட்டில் இசை எழுந்தது. முதலில் குழல், பிறகு வயலின்கள், பிறகு அந்தப் பதினோரு கட்டையும் ஒன்றாக விழுகிற இடம். சோப்பு விளம்பரத்தில் வந்ததும் அதுதான். ஃப்ளாப்பியில் இருந்ததும் அதுதான். வாங்குகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, செய்த கம்பெனிக்காரர்களே உள்ளே வைத்து அனுப்பிய மாதிரிப் பாட்டு. அதை எப்படி ஓடவிடுவது என்பதுதான் முப்பத்தேழாம் பக்கம். அது ஓடும்போது வயரை மாட்டி வைத்தால் கம்ப்யூட்டர் சமர்த்தாக எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும்.

பாட்டு முடிந்ததும் அதுவே முதலிலிருந்து தொடங்கியது. டிரான்சிஸ்டர் எட்டி ஸ்விட்சை அணைத்தான்.

"ஆக, அவன் உங்ககிட்ட திருடல. நீங்களும் அவன்கிட்ட திருடல" என்றார் தயாரிப்பாளர் நிதானமாக. "ரெண்டு பேரும் பெட்டிகிட்ட திருடியிருக்கீங்க." கதவுவரை போய்த் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வரேன். தப்போ சரியோ, உங்க கையால வாசிச்சது வேணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர் படியிறங்கிப் போனார். அந்தப் பெண் சிந்திய டீயைத் துடைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்து கம்ப்யூட்டர்மேல் வைத்தாள்.

"பதினோரு கட்டை வருதேன்னு அன்னிக்கே கேட்டேன் அத்தான். எனக்கு என்ன தெரியும்னு திட்டினீங்க. நானும் நம்பினேன்." அவரை நேராகப் பார்த்தாள். "மூணு நாளா என் பெட்டியைக் கொட்டிச் சோதிச்சீங்க. இனிமே ஃப்ளாப்பியை நீங்களே மாத்திக்கங்க."

வக்கீலம்மாவும் டிரான்சிஸ்டரும் அவள் பின்னால் இறங்கினார்கள். கண்டுபிடித்துவிட்ட நிம்மதி வக்கீலம்மாவுக்கு வரவில்லை. இரண்டு பட்டனுக்காக மூன்று நாள், ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு பெண்ணின் கண்ணீர். நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

கீழே சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் வெளுத்தது.

"என்னடி ஆச்சு? கண்டுபிடிச்சாச்சா? நீ இல்லதானே?"

"நான் இல்லக்கா."

"அப்போ யாரு?"

மாடியில் கீபோர்டு மெல்ல ஒலிக்கத் தொடங்கியது. இரண்டு வரி போனது. மூன்றாவதில் தடுக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "அவரா வாசிக்கிறாரு? இந்தக் கையைக் கேட்டு எத்தனை மாசமாச்சு! இவ்வளவு நாளும் மேலேயிருந்து வந்தது இவரு வாசிச்சதுன்னு இவரேதான் சொன்னாரு. எனக்கு நம்பவே முடியல தெரியுமா?"

மூன்று நாள் முன்னால் மாடியேறுவதற்குமுன் இந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது. நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"சொல்லுடி. யாரு எடுத்தது?"

"மேல போய் அவர்கிட்டயே கேளுக்கா" என்றாள் தங்கை. "அவரு சொல்லலைன்னா நான் சொல்றேன்."

அக்கா கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படி ஏறியிருப்பாள். மேலே வாசிப்பு நின்றது.